கல்வராயன்மலைப் பேச்சும் மொழியியலார் பணியும்

கள்ளக்குறிச்சிக்கு மேற்கே எழுந்து நிற்கும் கல்வராயன்மலையில் வாழும் பழங்குடி மக்கள் மலையாளிகள் எனப்படுவர். இப்பெயர் கேரள நாட்டாரைக் குறிக்கும் பெயரோடு ஒலியால் ஒன்றாயினும் மக்களால் வேறானது. மலையை இடமாகக் கொண்டு ஆள்பவர் என்ற அளவிலேயே இங்கு இதற்குப் பொருள் கொள்ளல் வேண்டும். இவர்கள் பேசுவது தமிழ். சேர்வராயன்மலை, கொல்லிமலை, பச்சைமலை, சவ்வாதுமலை ஆகியவற்றிலும் இப்பெயரினர் வாழ்கின்றனர். 2011-ஆம் ஆண்டு மக்கட்கணக்கின்படி தமிழ்நாட்டில் இவர்தம் தொகை மூன்றரை இலட்சத்திற்கு மேற்பட்டது.

இவர்களிடையே வழங்கும் குடிவழிக் கதை ஒன்று உண்டு. முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்தனர் என்றும், பெரியண்ணன், நடுவண்ணன், சின்னண்ணன் என்ற உடன்பிறந்தார் மூவரும் பிரிந்து வெவ்வேறு மலைகளில் குடியேறினர் என்றும் அக்கதை கூறும். 1909-இல் வெளிவந்த தர்ஸ்டனின் தென்னிந்தியக் குலங்களும் குடிகளும் பற்றிய நூல்தொகுதியிலும் இது இடம்பெற்றுள்ளது. எவர் எந்த மலைக்குச் சென்றார் என்பதில் கதை ஒரு படித்தாய் இல்லை. வரலாற்றாசிரியர் இத்தகைய கதையைக் கேட்டு, கல்வெட்டுச் சான்று இல்லையே என்று கைவிட்டுவிடுவர். கதையைப் போற்றுவோரோ அதனை அப்படியே வரலாறு என்று எழுதிவிடுவர். இவ்விரண்டும் வேண்டியதில்லை என்பது எம் கருத்து. இக்கதையைச் சோதிப்பதற்குரிய கருவி ஒன்று உண்டு. அது அம்மக்களின் வாயிலேயே இருக்கின்றது. அக்கருவியைக் கையாளக் கற்றவர் யாவர், அவர் ஏன் அம்மலைக்குச் செல்வது அரிதாயிற்று என்பதே இக்கட்டுரையின் பொருள்.

மொழியியல் பயில வரும் மாணவரை நோக்கிப் பெற்றோர் கேட்கும் முதல் வினா, இதைப் படித்தால் என்ன வேலை கிடைக்கும் என்பதாகும். கள்ளக்குறிச்சிப் பகுதியிலிருந்து, குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாயிலை மிதிக்கும் மாணவருக்கு இவ்வினா பிறரினும் கூர்மையானது. ஆசிரியர்கள் பெரும்பாலும் இதனை அறிவுக்குப் புறம்பான வினாவாகக் கருதி நகைத்து விடுகின்றனர். யாம் அவ்வாறு கருதவில்லை. தமிழகத்தில் மொழியாராய்ச்சியின் வரலாற்றை உற்று நோக்கின், எந்தக் காலத்தில் மொழி கற்றவர்க்கு எவ்வகைப் பணி இருந்ததோ, அந்தக் காலத்தில் அவ்வகைப் பேச்சே ஆராயப்பட்டது என்பது புலனாகும்.

பழைய இலக்கணிகள் நிலந்தோறும் சொல் வேறுபடுதலை அறியாதவரல்லர். திசைச்சொல் என்ற பகுப்பே அதற்குச் சான்று. செந்தமிழ் சேர்ந்த பன்னிரு நிலங்களை உரையாசிரியர் எண்ணிக் காட்டும்போது மலாடு என்பதனையும் கூறுவர். அது திருக்கோவலூரைச் சூழ்ந்த மலையமான் நாடு. இன்றைய கள்ளக்குறிச்சி மாவட்டத்துள் திருக்கோவலூர் அடங்கியிருத்தலின், எம் ஆய்வுக்குரிய நிலம் அன்றே பெயர் பெற்றுவிட்டது எனலாம். ஆயின் அவ்வுரைகளில் நிலத்திற்கு ஒரு சொல் இரண்டு சொல் என எடுத்துக்காட்டு வருமேயன்றி, ஒரு நிலத்தின் பேச்சுக்கு முழு இலக்கணம் வாராது. செய்யுளை உணர்தற்குத் திசைச்சொல் எவ்வளவு வேண்டுமோ அவ்வளவே அவர்க்கு வேண்டியிருந்தது. அதனைக் குறையென்று யாம் கூறோம்.

மொழி கற்றலைத் தனித்த பணிக்குத் தகுதியாக்கியது 1812-இல் சென்னையில் தொடங்கப்பெற்ற கோட்டைக் கல்லூரி. கும்பினியாரின் இளம் அலுவலர்க்கு நாட்டு மொழிகளைக் கற்பிப்பதே அதன் நோக்கம். தாண்டவராய முதலியார் முதலிய புலவர்கள் அங்கே ஆசிரியராயினர். அக்கல்லூரியை உருவாக்கிய எல்லிசு, தென்னிந்திய மொழிகள் வடமொழியினின்று பிறந்தவையல்ல, தமக்குள் உறவுடையவை என்பதனை 1816-இல், காம்பெலின் தெலுங்கு இலக்கணத்திற்கு எழுதிய முன்னுரையில் நிறுவினார். கால்டுவெல்லின் ஒப்பிலக்கணம் வெளிவந்தது 1856-இல். இதற்கு நாற்பது ஆண்டு முன்னரே அவ்வுண்மை வெளிப்பட்டது, வரி தண்டுவோர்க்கு மொழி கற்பிக்க வேண்டியிருந்த ஒரு கல்லூரியின் வாயிலாக என்பதனை நாம் மறத்தலாகாது. வரிக் கணக்கில் வரும் மொழி ஊர்க்கணக்கரின் மொழி. மலையில் வரி தண்டும் உரிமை சாகீர்தாரிடம் இருந்தமையால் மலைப்பேச்சுக்கு அங்கே இடமில்லை. கள்ளக்குறிச்சிப் பக்கத்துக் கல்வராயன்மலை சடையக் கவுண்டர், குரும்பக் கவுண்டர், அரியக் கவுண்டர் எனும் மூவர் சாகீராகப் பிரிந்து கிடந்தது. 1976-இல்தான் மலை அரசின் நேர் ஆட்சிக்குள் வந்தது. ஆட்சி சென்று சேராத இடத்திற்கு மொழியறிந்த அலுவலரும் சென்று சேரவில்லை.

1894-இல் கிரியர்சன் தலைமையில் தொடங்கி 1928-இல் நிறைவெய்திய இந்திய மொழிப் பரப்பாய்வு இக்குறையை நீக்கியிருக்கலாம். ஆயின் சென்னை மாகாணம் அதன் களத்தினின்று விலக்கப்பட்டது. 1906-இல் வெளியான நான்காம் தொகுதி முண்டா மொழிகளையும் திராவிட மொழிகளையும் பற்றிப் பேசுவது உண்மையே. தமிழகத்தின் ஊர்தோறும் சென்று எடுத்த பேச்சு மாதிரிகள் அதில் இல்லை. வடநாட்டுக் கிளைமொழி பற்றி ஆராய்பவர் நூறாண்டுக்கு முந்திய நிலையை ஒரு தொகுதியைப் புரட்டி அறிகின்றார். தமிழ்க் கிளைமொழியை ஆராய்பவர்க்கு அவ்வாய்ப்பு இல்லை. இவ்வொரு விலக்கு இன்றளவும் நம்மை வருத்துகின்றது.

சென்னைப் பல்கலைக்கழகத்துத் தமிழ்ப் பேரகராதி 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாகவும், 1939-இல் பின்னிணைப்பாகவும் வெளிவந்தது. சொற்பணியையே வாழ்க்கைப் பணியாகக் கொண்டோர் பலர்க்கு ஊதியம் தந்த முதல் பெருந்திட்டம் இதுவெனலாம். 1926 முதல் இதன் பதிப்பாசிரியராயிருந்த வையாபுரிப் பிள்ளை வழக்கறிஞராயிருந்து வந்தவர். பின்னர் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் மொழியியலை வளர்த்த தெ. பொ. மீனாட்சிசுந்தரனாரும் சட்டம் பயின்றவர். மொழியாராய்ச்சிக்கென ஒரு தொழிற்படி அமையாத காலத்தில் நீதிமன்றம் அதற்கு ஆள் தந்தது! பேரகராதியில் ஒரு சொல் இலக்கியத்தில் இன்றி வழக்கில் மட்டும் காணப்படின் அதற்கு உள்ளூர் வழக்கு என்ற குறி இடப்பட்டது. எந்த ஊர் என்பது பல இடங்களில் தெரிவதில்லை. மலைச்சொல் ஒன்று அதனுள் புகுந்திருப்பினும் இன்று அதனை அடையாளங் காண்டல் அரிது.

இனி, பல்கலைக்கழகக் கல்வியாக மொழியியல் கால்கொண்ட வரலாற்றுக்கு வருவோம். 1950-களின் இடைப்பகுதியில் புனே தக்காணக் கல்லூரி, இராக்பெல்லர் அறநிறுவனத்தின் உதவியோடு கோடைக்கால மொழியியற் பள்ளிகளை நடத்தியது. தமிழாசிரியர் பலர் அங்கே ஒலியனும் உருபனும் கற்றனர். வ. அய். சுப்பிரமணியம் இந்தியானாப் பல்கலைக்கழகத்தில் புறநானூற்று மொழிக்கு விளக்க இலக்கணம் எழுதி 1957-இல் முனைவர் பட்டம் பெற்றார். பின்னர்க் கேரளப் பல்கலைக்கழக மொழியியல் துறையை அமைத்தார். தெ. பொ. மீ. 1958 முதல் 1966 வரை அண்ணாமலையில் பேராசிரியராயிருந்தார். தமிழ்மொழி வரலாறு பற்றிய அவர்தம் ஆங்கில நூல் 1965-இல் வெளிவந்தது. 1960-களில் அத்துறை, திராவிட மொழியியல் உயராய்வு மையமாகப் பல்கலைக்கழக நல்கைக் குழுவால் ஏற்கப்பெற்றது. மொழிநூல் என்று மு. வரதராசனார் முதலியோர் வழங்கிய பெயர் மெல்ல மாறி மொழியியல் என நிலைபெற்றதும் இக்காலத்தே. பெயர் மாற்றம் வெறும் பெயர் மாற்றமன்று. நூல் என்பது கற்கப்படுவது; இயல் என்பது ஒரு துறை, அதற்கு இருக்கையும் ஊதியமும் உண்டு.

நல்கைக் குழுவின் உதவியால் ஆராய்ச்சியாளர்க்கு உதவித்தொகையும், பட்டம் பெற்றபின் விரிவுரையாளர் பணியும் கிடைத்தன. அதன் பயன் என்ன? காமாட்சிநாதன் திருநெல்வேலித் தமிழ்க் கிளைமொழியை ஆராய்ந்த நூல் 1969-இலும், சீனிவாச வர்மா நரிக்குறவர் பேசும் வாக்ரிபோலியை ஆராய்ந்த நூல் 1970-இலும், கருணாகரன் கொல்லிமலைத் தமிழ்க் கிளைமொழியை ஆராய்ந்த நூல் 1971-இலும் அண்ணாமலைப் பல்கலைக்கழக வெளியீடுகளாயின. மூன்றாவது நூல் எமக்கு மிகவும் வேண்டியது. காஞ்சிக் கதை கூறும் மலைகளுள் ஒன்று அதனால் மொழியியலின் ஒளிக்குள் வந்தது. 1974-இல் கேரளத்தில் மலையாளக் கிளைமொழிப் பரப்பாய்வின் முதல் தொகுதி, ஈழவர் தீயர் பேச்சைப் பற்றியது, வெளிவந்தது. ஒரே வினாநிரலைக் கொண்டு ஒரு மாநிலம் முழுவதையும் அளந்த அம்முறையே கல்வராயன்மலைக்கும் பிற மலைகளுக்கும் ஏற்றது.

இக்காலத்தில் தமிழ்ப் புலவருள் ஒருசாரார் பேச்சுவழக்கு ஆராய்ச்சியைக் கடிந்தனர் என்பதனையும் இங்கே குறித்தல் தகும். கொச்சையை ஆராய்வதற்குப் பல்கலைக்கழகம் எதற்கு என்பது அவர் வினா. மு. சண்முகம் பிள்ளை 1960-இல் தமிழின் எழுத்துவழக்கையும் பேச்சுவழக்கையும் பற்றி எழுதிய கட்டுரையும், பேச்சுத்தமிழ் கற்பிக்க அவர் இயற்றிய பாடநூலும் இவ்வினாவுக்கு ஒருவாறு விடையாயின; தமிழ் கற்க விரும்பிய அயல்நாட்டார்க்குக் கொச்சைதான் முதலில் தேவைப்பட்டது.

1969 சூலைத் திங்களில் மைசூரில் இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனம் தோன்றியது. தமிழகத்தில் மொழியியல் பயின்றோர் பலர் அங்கே பணியேற்றனர். அண்ணாமலையிலும் சிகாகோவிலும் பயின்ற இ. அண்ணாமலை பின்னாளில் அதன் இயக்குநரானார். 1981-இல் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் தோன்றியபோது வ. அய். சுப்பிரமணியமே அதன் முதல் துணைவேந்தர். அவர்க்குப் பின் ச. அகத்தியலிங்கமும் அப்பதவி வகித்தார். இவ்வளவில், ஒரு தலைமுறைக்கு வேலை என்ன என்ற வினாவே எழவில்லை. புதுத் துறைகள் நிரம்பியபின், பயின்றோர் பலர் தமிழ்த்துறை ஆசிரியராகி மொழியியலை ஒரு தாளாக மட்டும் கற்பிக்கும் நிலை வந்தது. அத்தாளும் தேர்வுக்குரிய வரையறைகளாகச் சுருங்கியது. ஒலியன் என்றால் என்ன என்று எழுதத் தெரிந்த மாணவர்க்கு, தம் ஊரில் ழகரம் எவ்வாறு ஒலிக்கின்றது என்று கேட்டறியத் தோன்றுவதில்லை. இதனை யாம் பல ஆண்டு கண்டுவருகின்றோம்.

அதன்பின் பணி அகராதிக்கும் கணினிக்கும் பெயர்ந்தது. 1992-இல் வெளிவந்து 2008-இலும் 2020-இலும் விரிந்த க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி, இ. அண்ணாமலை, பா. ரா. சுப்பிரமணியன் முதலியோரின் உழைப்பால் அமைந்தது. மொழியியற் பயிற்சி நல்ல தமிழ் நூலாக மாறியதற்கு இதனினும் சிறந்த சான்று காட்டல் அரிது. ஆயின் அது எழுதப்படும் தற்காலத் தமிழின் அகராதி. கணினி மொழியியலும் அத்தகையதே. சொற்பகுப்பி, இயந்திர மொழிபெயர்ப்பு, பேச்சறிதல் ஆகியவற்றில் இன்று நிறுவனங்கள் மொழியியலாரை நாடுகின்றன. இளைஞர்க்கு நல்ல ஊதியமும் தருகின்றன. அவை பயன்படுத்தும் தரவோ பெரிதும் செய்தித்தாளிலும் இணையத்திலும் எழுதப்பட்டது. எழுதப்படாத பேச்சு அதனுள் இல்லை. வெள்ளிமலையில் வாழும் முதியவள் கைப்பேசியிடம் பேசினால் அது விளங்கிக்கொள்ளுமா என்பதைப் பொறியாளர் எண்ணிப் பார்க்க வேண்டும். வரி தண்டிய கும்பினியின் காலம்போலவே, பணி எங்கேயோ ஆய்வும் அங்கே.

இதற்கு ஒரு புறனடை உண்டு. கல்வராயன்மலையின் அடிவாரத்திலிருந்து கடலூர் வரை பரந்த நிலத்தை நடுநாடு என்பர். அதன் பேச்சுக்கு அகராதி கண்டவர் மொழியியற் பட்டதாரி அல்லர். போக்குவரத்துக் கழகப் பணிமனையில் தொழில் புரிந்த எழுத்தாளர் கண்மணி குணசேகரன். அவர்தம் நடுநாட்டுச் சொல்லகராதி, கி. ராஜநாராயணன் கரிசல் வட்டாரத்திற்குச் செய்த பணியை இந்நிலத்திற்குச் செய்தது. ஊதியம் கருதாது செய்த இப்பணிக்கு முன் பல்கலைக்கழகத்தார் தலை தாழ்த்தலே முறை. சொல்லைத் தருவது வேறு, ஒலியமைப்பையும் வினைவடிவங்களையும் முறைப்படத் தருவது வேறு என்பதும் உண்மை. இரண்டாவது செயலுக்கே எம் கல்வி பயன்பட வேண்டும்.

காஞ்சிக் கதைக்கு மீள்வோம். மலையில் ஒரு சங்கச் சொல் கிடைத்துவிட்டால் நம்மவர் பெரிதும் மகிழ்கின்றனர். பழமை எஞ்சியிருத்தல் உறவுக்குச் சான்றாகாது. ஒரு பழஞ்சொல்லை ஒருவரோடொருவர் தொடர்பில்லாத இரு குழுவினர் தனித்தனியே காத்திருத்தல் கூடும். இரு பேச்சுகள் சேர்ந்து ஒரு புதுமையை அடைந்திருப்பதே அவை ஒருகாலத்து ஒன்றாயிருந்தன என்பதற்குச் சான்று. எனவே தொண்டை நாட்டுப் பேச்சில் தோன்றிய புதுமைகளை முதலில் குறித்தல் வேண்டும். வடதமிழகத்தில் வந்துகினு என வழங்குவது ஏனைய பல பகுதிகளில் வந்துகிட்டு என வழங்கும். ழகரம் வடபகுதியில் யகரமாகவும், தென்பகுதியில் ளகரமாகவும் திரிதல் உண்டு. இத்தகைய கூறுகள் மலைகளில் எவ்வாறு உள்ளன என்று காண வேண்டும்.

இங்கே ஓர் இடர் உண்டு. கல்வராயன்மலையின் கிழக்கிலும் வடக்கிலும் உள்ள சமவெளியே வடதமிழ்ப் பேச்சுக்கு அணுகியது. எனவே அம்மலையில் வடதமிழ்க் கூறு காணப்படின், அது காஞ்சியிலிருந்து வந்ததா, சந்தைக்கு இறங்கிச் சென்றபோது அடிவாரத்தில் ஒட்டிக்கொண்டதா என்று துணிதல் இயலாது. கொல்லிமலையோ நாமக்கல்லை அடுத்தது. பச்சைமலை திருச்சியையும் பெரம்பலூரையும் அடுத்தது. அங்கே அடிவாரத்தில் இல்லாத வடதமிழ்க் கூறு மலைமேல் இருக்குமாயின், கதைக்கு அது வலுவான துணையாகும். ஆதலின் மலைப்பேச்சை மட்டும் தொகுத்தல் போதாது. மலைக்கு ஒன்றாக அடிவாரப் பேச்சும் அதே வினாநிரலால் தொகுக்கப்படல் வேண்டும். மேலும், ஒரு புதுமை குடிபெயர்ச்சிக்குப் பின் காஞ்சிப் பகுதியில் தோன்றியதாயின் அது மலையில் இல்லாமை எதனையும் மறுக்காது. மொழியியல் இக்கதைக்கு முழுத் தீர்ப்பு வழங்கும் என்று யாம் கூறவில்லை. கதை எந்த அளவில் தாங்கும் என்பதைக் கூறும். வேறு எந்தச் சான்றும் இன்று அவ்வளவும் கூற வல்லதன்று.

இப்பணி ஆராய்ச்சிப் பட்டத்தோடு முடிவதன்று. மக்கட்கணக்கின் மொழிப்பிரிவு ஒன்று கொல்கத்தாவில் இயங்குகின்றது. 2011-இல் தாய்மொழிப் பெயராக மக்கள் கூறியவை 19,569. அவற்றை ஆய்ந்து 1,369 ஆக ஒழுங்குபடுத்தியவர் அங்குள்ள மொழியியலார். ஒருவர் தம் தாய்மொழி மலையாளி என்று கூறினால், அதனைத் தமிழில் சேர்ப்பதா, மலையாளத்தில் சேர்ப்பதா? அவர் எந்த மலையில் வாழ்பவர் என்று அறிந்தவரே விடை கூற இயலும். மலைமேல் உள்ள அரசு பழங்குடியினர் உண்டுறைவிடப் பள்ளிகளில் முதல் வகுப்புக் குழந்தை, தன் வீட்டில் கேளாத ஈறுகளைப் பாடநூலில் காண்கின்றது. அதனைப் பிழை என்று திருத்தும் ஆசிரியர்க்கும், இது வேறு வழக்கு என்று அறிந்து கற்பிக்கும் ஆசிரியர்க்கும் உள்ள வேறுபாடு அக்குழந்தை பள்ளியில் நிற்பதா நீங்குவதா என்பதையே தீர்மானிக்கக் கூடும். மருத்துவமனையில் நோய் கூறுவதற்கும், நீதிமன்றத்தில் சான்று கூறுவதற்கும் இதுவே பொருந்தும். இப்பணிகளுக்கு மொழியியலார் வேண்டும் என்று எந்த விளம்பரமும் வருவதில்லை. தேவை இருந்தும் பதவி இல்லை.

கள்ளக்குறிச்சி 2019 நவம்பரில் தனி மாவட்டமாயிற்று. 2021-இல் இம்மாவட்டக் கல்லூரிகள் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தோடு இணைக்கப்பெற்றன. கொல்லிமலைப் பேச்சை ஆராய்ந்து வெளியிட்ட அதே பல்கலைக்கழகத்தின் பட்டத்தையே மலையடிவாரக் கல்லூரி மாணவர் இன்று பெறுகின்றனர். அவர்களுள் மலையிலிருந்து இறங்கி வருவோரும் உளர். அத்தகைய ஒருவருக்கு ஒலியெழுத்துப் பயிற்சி ஓராண்டு அளித்து, ஒலிப்பதிவுக் கருவி ஒன்றும் ஒரு வினாநிரலும் கொடுத்து, விடுமுறையில் ஊருக்கு அனுப்பலாம். முதலில் உறவுமுறைப் பெயர்கள், பின்னர்ச் சாமை, மரவள்ளி முதலிய பயிர்த்தொழிற் சொற்கள், கடுக்காய் பொறுக்குவது பற்றிய உரையாடல், அதன்பின் ஒரு கிழவரின் வாயால் அண்ணன் தம்பி மூவர் கதை. இக்கதையை மட்டும் கேட்கும்போது இடைமறிக்காமல், வினைமுற்றுகள் இயல்பாக விழும்படி முழுவதும் பேசவிடுதல் வேண்டும்.